சாவுக் கடுதாசிக்கு ஒரு நகல்

புதன்கிழமை காலை, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடுகிற பஸ் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து, இருமிக்கொண்டே நின்று, தபால் பையை வாசலில் போட்டுவிட்டுப் போனது. சவுரியப்பன் பையின் அரக்கை உடைத்து உள்ளே இருந்ததை மேஜையில் கொட்டினார். பதினொரு கார்டு, நாலு கவர். நாலாவது கவரின் கீழ்மூலை கிழிந்திருந்தது. மூலை கிழிந்து வந்தால் சாவுச் சேதி என்று அர்த்தம்; எழுதுகிறவர்களே கிழித்துத்தான் அனுப்புவார்கள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. கார்த்திகை அடைமழையும் குளிர்காய்ச்சலுமாக இருந்த அந்த வருஷத்தில் வாரத்துக்கு இரண்டு கவர் மூலை கிழிந்து வரத்தான் செய்தது. ஆனால் இந்தக் கவரை அவருக்குத் தெரியும். ஆறு நாளைக்கு முன்பு இதைத் தன் கையாலேயே சுக்கல் சுக்கலாகக் கிழித்து வாய்க்கால் தண்ணீரில் விட்டிருந்தார்.

வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே ஊதா மை. அதே கோணல் கையெழுத்தில் பாஞ்சாலி அம்மாள், மாவடிப்பட்டி. சேலம் முத்திரையில் அதே தேதி. ஒட்டிய வாயோரம் இலேசான பழுப்பு. அது அவருடைய மனைவி ரோசம்மாள் காய்ச்சுகிற புளியங்கொட்டைப் பசையின் நிறம். எங்கேயும் ஒரு கிழிசல் இல்லை, ஒட்டுப்போட்ட தடம் இல்லை. ஈரமாக மட்டும் இருந்தது. மோந்து பார்த்தார். வாய்க்கால் சேற்று வாசம்.

அந்தக் கடிதத்தை அவர் ஏன் கிழித்தார், அதற்கு முன்னால் அதை வைத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாற்பத்திரண்டாம் வருஷம் ஆவணியில் ரயில் பாதையோரம் தந்திக் கம்பியை அறுத்துப் போட்ட கூட்டத்தில் இந்தப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள் என்று போலீசுக்குத் துப்புக் கிடைத்தது. அடுத்த வாரமே ஓர் அதிகாரி காரில் வந்து இறங்கி, ஏழு வீடுகளின் பட்டியலை சவுரியப்பன் கையில் கொடுத்தார். அந்த ஏழு வீட்டுக்கு வருகிற கடிதம், அங்கிருந்து போகிற கடிதம் எல்லாவற்றையும் பிரித்துப் படித்து, ஓர் எழுத்து விடாமல் நகல் எடுத்து, தெரியாமல் ஒட்டிச் சேர்ப்பிக்க வேண்டும். செவ்வாய்தோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்து நகல்களை வாங்கிப் போவார். வெளியே மூச்சு விட்டால் ஜெயில்.

மாவடிப்பட்டி போஸ்ட் ஆபீஸ் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். பென்னாகரம் போகிற ரோட்டோரத்தில் ஓர் ஓட்டு வீடு. முன்னறை சர்க்காருக்கு, பின்னறை சவுரியப்பனுக்கு, நடுவே ஒரு சாக்குத் திரை. அவர் பயந்த சுபாவம். பயந்த சுபாவக்காரர்கள் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிடுவார்கள். அவர்களிடம் உள்ள பெரிய கெடுதலே அதுதான். ஜன்னலைச் சாத்திக்கொண்டு கெட்டில் மூக்கின் ஆவியில் கவரைக் காட்டிப் பிரிப்பது ரோசம்மாளின் வேலை. கோவிலூர்க் கன்னியாஸ்திரிகளிடம் படித்த பெண், கை அவ்வளவு இலேசு. அவள் படித்துச் சொல்லுவாள், அவர் எழுதுவார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவளுக்குத் தலைவலி என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அந்த ஏழு வீட்டில் ஐந்தில் யாருக்கும் எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் போஸ்ட்மாஸ்டரையே படித்துச் சொல்லக் கேட்பார்கள். காலையில் கமா முதல்கொண்டு நகல் எடுத்த கடிதத்தை மத்தியானம் அவர்கள் வாசலில் நின்று புதிதாகப் பார்ப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். முதல் மாதம் குரல் நடுங்கியது. அப்புறம் பழகிவிட்டது.

பாஞ்சாலியின் புருஷன் மாயவன் கம்பி அறுத்த கூட்டத்தில் ஒருத்தன். ஐப்பசியில் அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒகேனக்கல்லில் ஒரு பரிசல்காரர் குடிசையில் இருப்பதாகவும், காய்ச்சல் விடவில்லை, ஒரு கம்பளி கொடுத்தனுப்பு என்றும் எழுதியிருந்தான். சவுரியப்பன் நகல் எடுத்தார். ஒட்டினார். வாசலில் நின்று படித்தும் காட்டினார். கம்பளி போய்ச் சேருவதற்குள் போலீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது.

போன வியாழக்கிழமை வந்தது மூலை கிழிந்த கவர். சேலத்திலிருந்து மாயவனின் மாமன் எழுதியது. 'உங்கள் மாயவன் ஜெயிலில் இறந்து போனான். உடம்பைப் பார்க்க விட்டார்கள். இடது கையில் மூன்று விரல் நொறுங்கியிருந்தது. வாயில் பல் இல்லை. வலது கண் இல்லை. உடம்பைத் தரமாட்டோம் என்றார்கள்.' அவ்வளவுதான் கடிதம். ரோசம்மாள் படித்து முடித்துவிட்டு அதை மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதுக்கு நகல் வோணாங்க" என்றாள். "சாவுக் கடுதாசிய இந்தப் பக்கம் வூட்டுக்குள்ளயே கொண்டு போவ மாட்டாங்க. வெளியில வெச்சிப் படிச்சி, அங்கியே கிழிச்சித் தண்ணியில வுட்டுட்டுத்தான் உள்ள வருவாங்க. அத எழுதி வெக்கறது நல்லதில்லைங்க."

"அது அவங்க சாங்கியம். நாம வேதக்காரங்க, நமக்கு என்னா?" என்று சொல்லிவிட்டு அவர் எழுதினார். சர்க்கார் எல்லாக் கடிதமும் என்றுதான் சொல்லியிருந்தது. சாவுக் கடிதம் தவிர என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானம் பாஞ்சாலி வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவில் நின்று அதைப் படித்தார். பாஞ்சாலி அழவில்லை. மாயவனின் அண்ணன் தீர்த்தகிரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வழக்கப்படி படித்தவரே கிழிக்க வேண்டும். வாய்க்கால் கரையில் அவர் கிழித்துப் போட, பாஞ்சாலி குனிந்து ஒவ்வொரு துண்டும் மிதந்து போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் போயிடிச்சிங்களா, அய்யா? ஒரு துண்டு மிச்சம் இருந்தாக்கூட அவரு போவ முடியாதுங்க. செத்துக்கிட்டே இருப்பாரு."

"எல்லாம் போயிடிச்சிம்மா" என்றார் சவுரியப்பன்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கான்ஸ்டபிள் மாது வந்தான். பாலக்கோட்டுக்காரன், ஆள் வாட்டசாட்டம், முகம் முழுக்க வெள்ளைப் பல். லத்தியால் மேஜையை மூன்று தட்டுத் தட்டுவது, முக்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் காலை நீட்டிக்கொள்வது, எழுத்துக்கூட்டி நகல்களை ஒருமுறை படித்துப் பார்ப்பது எல்லாம் அவன் வழக்கம். மாயவன் நகல் வந்ததும் சிரித்தான்.

"மூணு வெரலுன்னு கரீட்டா எழுதியிருக்கறான் பாருங்க. அது என் வேலைங்க. சேலத்துக்கு அனுப்பறதுக்கு முந்தி இங்கியே கதவிடுக்குல வெச்சிச் சாத்துனேன். பல்லுங்கூட நாந்தான். கண்ணு மட்டும் யாருன்னு தெரியாது."

திரைக்குப் பின்னால் ரோசம்மாள் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்தது. மாது நகல்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

மறுநாள்தான் இந்தப் புதன்கிழமை. சவுரியப்பன் ஈரக் கவரை எடுத்துக்கொண்டு திரைக்குள் போனார். ரோசம்மாள் அதைப் பார்த்ததும் கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினாள். ஆவி காட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தொட்டதும் வாய் திறந்துகொண்டது. உள்ளே அதே ஒற்றைத் தாள், அதே எழுத்து, அதே வாசகம். ஒரே ஒரு பெயர் மட்டும் வேறு. 'உங்கள் மாது இறந்து போனான்.'

"மாது நேத்துத்தான வந்து போனாரு" என்றாள் ரோசம்மாள் மெதுவாக.

சவுரியப்பனுக்குப் பயம் ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். மாயவனோடு சேர்ந்த ஆட்கள் யாரோ மிரட்டுகிறார்கள், கவரையும் மையையும் அப்படியே போலச் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று புத்தி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. போலீஸ்காரனைக் கொல்லுவோம் என்கிற கடிதத்துக்கு நகல் எடுக்காமல் விட்டால் முதலில் பிடிபடுவது யார்? ரோசம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வோணாங்க, வோணாங்க என்றாள். அவர் கையை விடுவித்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார்.

ஜன்னல் சாத்தியிருந்தது. ஓட்டில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது, அடுப்பில் ஈர விறகு புகைந்தது, கெட்டில் தரையில் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஆறிக்கொண்டிருந்தது. 'இடது கையில் மூன்று விரல்' என்று அவர் எழுதியபோது அறைக்குள்ளேயே எங்கோ பக்கத்தில் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ரோசம்மாள் அடுப்பைப் பார்த்தாள். அவரும் அடுப்பைத்தான் பார்த்தார். அடுப்பில் இருந்த விறகு எல்லாம் ஈரம். எழுதி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபோது மணி பத்தரை.

மூன்று மணி பஸ்ஸில் வந்த கண்டக்டர் இறங்கினதும் இறங்காததுமாகச் சேதி சொன்னான். பத்து மணிக்குப் பிறகு, பாலக்கோட்டு ரோட்டில் ஓர் இட்லிக் கடையில், பத்துப் பேர் எதிரில் மாது செத்துப் போனானாம்.

"யாரும் தொடலைங்க, சாமி சத்தியமா" என்றான் கண்டக்டர். அவன் உதடு வெளுத்திருந்தது. "நான் எதிர் பெஞ்சில ஒக்காந்திருக்கறேன். இலையில கைய வெச்சிக்கிட்டுப் பேசிக்கிட்டு இருந்தாரு. இந்தக் கையில ஒரு வெரலு தானா பின்னுக்கு மடங்கி ஒடஞ்சிது. அப்பறம் இன்னொண்ணு. கத்தறாரு, நாங்க ஓடிப்போயிப் புடிக்கறோம், எங்க கைக்குள்ளியே ஒடயுது. அப்பறம் பல்லுங்க. இலையில கொட்டுதுங்க, சோளம் உதுத்த மாதிரி. அதுக்கு மேல நான் பாக்கலைங்க."

சவுரியப்பன் உள்ளே போய் மாதுவின் கடிதத்தையும் நகலையும் அடுப்பில் போட்டார். இரண்டும் எரிந்தன. அன்று ராத்திரி இருவரும் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைப் பையில் மறுபடியும் கவர். அவர் அதை ரோசம்மாளுக்குக் காட்டாமல் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் திரும்பி நின்று பிரித்தார். 'உங்கள் ரோசம்மாள் இறந்து போனாள்.'

நின்ற இடத்திலேயே தாளைக் கிழித்தார், கவரைக் கிழித்தார், துண்டுகளைக் கொண்டுபோய் வாய்க்காலில் போட்டார். சனிக்கிழமைப் பையில் அது முழுசாக, ஈரமாக, அதே பெயரோடு இருந்தது. எரித்தார். திங்கட்கிழமையும் இருந்தது. அதையும் எரித்தார். அவர் நகல் எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் ரோசம்மாளுக்கு ஒன்றும் நேரவில்லை. மற்ற கவர்களுக்கு ஆவி காட்டினாள், சோறு வடித்தாள், பக்கத்துக் கொட்டாயில் மோர் வாங்கி வந்தாள். அவள் குனிந்து நிமிரும்போதெல்லாம் அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன.

எல்லாவற்றுக்கும் வேர் மாயவனின் நகல்தான் என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. அதைத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டால் அவன் போய்விடுவான். திங்கட்கிழமை மத்தியானம் டவுனுக்கு பஸ் ஏறி, நகல்கள் போய்ச் சேருகிற ஆபீசில் ஒரு குமாஸ்தாவைப் பிடித்தார். ஓர் எழுத்துப் பிழை, திருத்தித் தருகிறேன் என்று பொய் சொன்னார்.

"மாயவன் கடுதாசிங்களா? டைப் அடிச்சி அனுப்பியாச்சே" என்றார் குமாஸ்தா. "சேலத்துக்கு ஒண்ணு, மெட்ராசுக்கு ஒண்ணு, இங்க ஃபைல்ல ஒண்ணு. அங்க எத்தினி அடிப்பாங்களோ, அது தெரியாது. சர்க்கார் காயிதத்த எவனாச்சும் கிழிப்பானுங்களா?"

திரும்பி வருகிற வழியில் பாஞ்சாலி வீட்டுக்குப் போனார். அவள் நெல்... இல்லை, அவர்களுக்கு ஏது நெல், கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் தெருவிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒகேனக்கல் கடிதத்துக்கும் நகல் எடுத்தேன் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பாஞ்சாலி முறத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள், மண்ணை வாரி விடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அதையெல்லாம் செய்யவில்லை.

"பதினோரு நாளா ராத்திரியெல்லாம் கதவத் தெறந்து வெச்சிக் காத்துக்கிட்டு இருக்கறேன்" என்றாள். "ஒரு தடவையாச்சும் வந்து மொகத்தக் காட்டுவாருன்னு. எங்க வூட்டுக்கு அவரு வரவே இல்லைங்க, அய்யா. இப்பத்தான் தெரியுது, எங்க இருக்கறாருன்னு."

அவர் வீட்டுக்கு வந்தபோது ரோசம்மாள் திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் அந்தக் கவர். காலையில் அவர் எரித்த கவர்.

"எம் பேருதான் எழுதியிருக்குது" என்றாள். குரலில் பதற்றம் இல்லை. "எத்தினி நாளா வருது?"

"வெள்ளிக்கிழமையிலேருந்து."

"நீங்க எழுத மாட்டீங்க, இல்ல?"

"என் கைய வெட்டிப் போட்டாலும் எழுத மாட்டேன், ரோசா." அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். மறுநாள் பகல் ஒரு மணி பஸ்ஸில் கோவிலூருக்குப் போய்விடுவது, வேலை போனால் போகட்டும், ஜெயில் என்றால் ஜெயில் என்று முடிவு செய்தார்கள். பயந்த சுபாவக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சர்க்காருக்கு மாட்டேன் என்று சொன்னார். ரோசம்மாள் இரண்டு புடவையையும் மாதா படத்தையும் மூட்டை கட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த புளியமரங்கூடத் தெரியாத அளவுக்கு ஒரே சாம்பல் நிறம். வந்த பையை அவர் உடைக்கவில்லை. அரக்கோடு மூலையில் போட்டுவைத்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ரோசம்மாள் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முன்னறையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, கூரையில் எங்கோ ஓர் ஓடு ஒழுகி மண் தரையில் சொட்டு விழுந்தது, மூலையில் கிடந்த பையிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து தரையில் ஒரு கோடாக ஓடி வந்தது. பதினொன்றரை. பதினொன்றே முக்கால். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, பஸ் வந்துவிடும் என்று அவர் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

பன்னிரண்டு அடித்தது.

முதலில் வாசம் வந்தது. நனைந்த காக்கித் துணி, பீடி, அதற்கு அடியில் வாய்க்கால் சேறு. பிறகு வாசலில் பூட்ஸ் சத்தம். ஓர் அடி வைத்து, இன்னொன்றை இழுத்து. தாழ் போட்ட கதவு திறக்கவில்லை. ஆனால் சத்தம் கதவுக்கு உள்ளே வந்துவிட்டது. மேஜையில் மூன்று தட்டு.

மாது முக்காலியில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் காலை நீட்டியிருந்தான். வியாழக்கிழமை அவனைப் பாலக்கோட்டில் குழியில் இறக்கினதைப் பார்த்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள். வாய் ஒட்டி உள்ளே போயிருந்தது. வலது கண் இருந்த இடத்தில் மண். இடது கையில் மூன்று விரல்கள் பின்பக்கமாகத் தொங்கின. சட்டைப் பையிலிருந்து அந்தக் கவரை எடுத்து, தாளைப் பிரித்து, மேஜையில் நீவி வைத்தான்.

"நகலுங்க" என்றான். பல் இல்லாத வாயில் அந்தச் சொல் காற்றாக வந்தது.

"மாட்டேன்" என்றார் சவுரியப்பன்.

மாது கோபப்படவில்லை. மேஜையில் இருந்த தேதி முத்திரையை வலது கையில் எடுத்துக்கொண்டான். இரும்பு, மரப்பிடி, சின்னச் சுத்தியல் கனம். நொறுங்கின கையால் ரோசம்மாளின் இடது மணிக்கட்டைப் பிடித்து மேஜையில் வைத்தான். அவள் அலறினாள். மூட்டை உருண்டது. சவுரியப்பன் அவன்மேல் விழுந்தார், கழுத்தைப் பிடித்தார், கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புத் தண்டை எடுத்துத் தலையில் அடித்தார், மறுபடி அடித்தார். நனைந்த சாக்கு மூட்டையில் அடிப்பது போல இருந்தது. தண்டு உள்ளே போய் வந்தது. மாது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முத்திரை இறங்கியது.

சுண்டுவிரல். மேஜைப் பலகையில் ரத்தம், அதற்குள் அன்றைய தேதி பதிந்திருந்தது.

முத்திரை மறுபடி மேலே போனது. சவுரியப்பன் பேனாவைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்ய? பேனா தாளில் பட்டதும் முத்திரை அந்தரத்தில் நின்றது. 'சேலத்திலிருந்து எழுதிக்கொண்டது' என்று எழுதினார். மெதுவாக. எழுத்துக்கு எழுத்து இழுத்து. அவர் எழுதிக்கொண்டிருக்கும் வரைக்கும் மாது அசையவில்லை. மகராசி, பொறுத்துக்கோ, ஒரு மணிக்குப் பஸ் வந்துவிடும். கதவைத் தட்டுவார்கள். இதோ. இதோ.

'இறந்து போனாள்' என்கிற வரியைத் தாண்டினார். ஆனால் கடிதத்தில் அடுத்த வரி இருந்தது. 'இடது கையில் மூன்று விரல்.'

பேனாவை நிறுத்தினார். முத்திரை இறங்கியது. மோதிரவிரல்.

எழுதினார். எழுதி முடிக்கிறபோது அடுத்த விரல் யாரும் தொடாமல் தானாக ஒடிந்தது. சுள்ளிச் சத்தம்.

நிறுத்தினால் இவன். எழுதினால் அது.

'வாயில் பல் இல்லை.' வேறு ஏதாவது எழுதலாம் என்று 'வாயில்' என்பதோடு நிறுத்தி, 'மாதாவே' என்று எழுதிப் பார்த்தார். பேனா எழுதவில்லை. நிப்பு கீறியது, மை இறங்கவில்லை. முத்திரை அவள் முகத்துக்கு நேரே போனது. அவர் அலறிக்கொண்டே எழுதினார். பல் இல்லை. பல் இல்லை. அவள் தலை பின்னால் சாய்ந்தது. தரையில் கொட்டுகிற சத்தம் கேட்டது. அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அழுதார்.

கண்ணைத் திறந்தபோது தாளில் வரிகள் கூடியிருந்தன. ஆறே வரி இருந்த கடிதம். இப்போது பத்து; அவர் தாண்டி வந்த 'இறந்து போனாள்' கடைசி வரியாக இறங்கியிருந்தது. எல்லாம் அவளைப் பற்றி. இடுப்பு. விலா. தொண்டை. ஊதா மையில், ஈரமாக.

"சர்க்கார் உத்தரவுங்க" என்றான் மாது. "ஒரு எழுத்து வுடக்கூடாது."

வெளியே பஸ் வந்து நின்றது. ஹார்ன் அடித்தார்கள். கண்டக்டர் கூப்பிட்டான். கதவைத் தட்டினான். ஆபீஸ் மூடிக் கிடக்குது என்று யாரிடமோ சொன்னான். சவுரியப்பன் கத்தினார். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

'வலது கண்.' எழுதினார்.

'விலா.' எழுதினார்.

எத்தனை நேரம் என்று தெரியவில்லை. மழை நின்றிருந்தது. ரோசம்மாள் மேஜையில் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தாள். மூச்சு இருந்தது. அவள் உதடு அசைந்தது. அவர் குனிந்து காதை வைத்தார்.

"கடேசி... வரி" என்றாள். "அத எழுதிடுங்க. முடியலைங்க."

கடைசி வரியை அவர் அதுவரை தாண்டித் தாண்டி வந்திருந்தார். 'இறந்து போனாள்.' அவள் நல்ல கை மேஜைமேல் ஊர்ந்து வந்து அவர் மணிக்கட்டைத் தொட்டது. பதினாலு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் இப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. அவர் அவளுடைய நெற்றியில் முத்தமிட்டார். இறந்து போனாள் என்று எழுதினார். அவள் கை மெல்லப் பிடி விட்டது.

சத்தமே இல்லை. அவர் பேனாவைக் கீழே வைக்கப் போனார்.

மாது எழுந்திருக்கவில்லை. 'இறந்து போனாள்' என்ற வரிக்குக் கீழே ஊதா மை ஊறி இன்னொரு வரி வந்துகொண்டிருந்தது. முத்திரை மேலே போனது. செத்துக் கிடந்தவளின் அந்த நல்ல கைக்கு நேராக நின்றது. இன்னும் என்னடா, இன்னும் என்ன இருக்கிறது என்று சவுரியப்பன் கேட்டார். அந்தக் கையில் அடி விழுவதைப் பார்க்க அவருக்குத் தெம்பில்லை. பேனாவை எடுத்தார்.

எழுதினார்.

அவளுடைய இடது கண் திறந்தே இருந்தது. அவர் ஓர் எழுத்து எழுதினார். கண் நகர்ந்தது. அடுத்த எழுத்து. நகர்ந்தது. வரி முடிந்து, பேனா தாளின் இடது ஓரத்துக்குத் திரும்பி வந்தபோது, அவள் கண்ணும் பேனாவோடு திரும்பி வந்து அடுத்த எழுத்துக்காகக் காத்திருந்தது.